போலீஸ் சான்றிதழா, கதவு விதியா, புகார் வழியா? இளைஞர் அமைப்புகள் எதில் முதலில் கை வைக்க வேண்டும்

விளையாட்டுக் கழகமோ, சாரணர் படையோ, கோடை முகாமோ, வார இறுதி வகுப்போ, குழந்தைகளின் பாதுகாப்பு பற்றி நிர்வாகக் குழுவில் பேச்சு எழுந்ததும் முதலில் வரும் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: தன்னார்வலர்கள் எல்லோரிடமும் போலீஸ் சரிபார்ப்புச் சான்றிதழ் வாங்கிவிடுவோம். யாரையும் தனியாகச் சந்தேகப்பட்டதாக ஆகாது. கோப்பில் வைக்கலாம், பெற்றோர் கேட்டால் எடுத்துக் காட்டலாம். தீர்மானம் பத்து நிமிடத்தில் நிறைவேறிவிடும்.

அந்தத் தீர்மானத்தில் தப்பில்லை. அதோடு கூட்டத்தை முடித்துக்கொள்வதுதான் தப்பு. சிறிய அமைப்புக்குப் பணமும் ஆளும் நேரமும் குறைவு. ஆகவே ஒவ்வொரு வழியும் எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்காது என்று பார்த்துத்தான் பாரத்தை ஏற்ற வேண்டும். பொதுவாகப் பேசப்படும் வழிகள் நான்கு: ஆட்களைச் சேர்க்கும்போதே வடிகட்டுவது, பெரியவரும் குழந்தையும் தனித்திருக்க இடம் கொடுக்காத விதிகள், குழந்தைகளுக்குச் சொல்லித் தருவது, புகார் வந்தால் அது போக வேண்டிய பாதையை முன்கூட்டியே வகுப்பது. என் கணிப்பில் இரண்டாவதும் நான்காவதும்தான் தூண்கள். மற்ற இரண்டும் அவசியம், ஆனால் அவற்றின் மேல் கூரையை நிறுத்த முடியாது.

இந்தத் துறையில் நெடுங்காலம் ஆய்வு செய்த அமெரிக்கச் சமூகவியலாளர் டேவிட் ஃபிங்கெல்ஹோர் 1984இல் ஒரு விளக்கம் தந்தார். ஒரு குழந்தைமீது பாலியல் துன்புறுத்தல் நடக்க நான்கு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும் என்றார். துன்புறுத்துபவருக்கு அந்த நாட்டம் இருக்க வேண்டும், அவருடைய மனத்தடை உடைய வேண்டும், வெளியிலிருந்து வரும் தடை நீங்க வேண்டும், கடைசியாகக் குழந்தையின் எதிர்ப்பும் முறிய வேண்டும். முதல் இரண்டும் இன்னொருவரின் மனத்துக்குள் இருப்பவை. அங்கே ஒரு நிர்வாகக் குழுவின் கை எட்டாது. நான்காவதைக் காக்கும் வேலையைக் குழந்தையின் தோளில் ஏற்றுவது நியாயமில்லை. மூன்றாவது மட்டும்தான் முழுக்க அமைப்பின் கையில் இருக்கிறது.

சான்றிதழ் சொல்வதும் சொல்லாததும்

குற்றப் பதிவுச் சோதனை காட்டுவது பெரும்பாலும் பிடிபட்டவர்களை. தண்டனை வரை போன வழக்குகளே அதில் தென்படும். ஆனால் இந்தக் குற்றம் அப்படித் தென்படுகிற குற்றம் அல்ல. ஆஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை நடந்த அரச ஆணையம் நிறுவனங்களுக்குள் நடந்த குழந்தைப் பாலியல் துன்புறுத்தலை விசாரித்தது. தனி அமர்வுகளில் 8,000க்கும் மேற்பட்டோரின் அனுபவங்களைக் கேட்டது. அவர்கள் தங்களுக்கு நேர்ந்ததை முதன்முதலில் ஒருவரிடம் சொல்லச் சராசரியாக 23.9 ஆண்டுகள் ஆகியிருந்தன. பத்து வயதில் பாதிக்கப்பட்டவர் வாய் திறக்கும்போது முப்பதைத் தாண்டியிருக்கிறார். அந்த இடைக்காலம் முழுவதும் துன்புறுத்தியவரின் சான்றிதழ் சுத்தமாகவே இருந்திருக்கும்.

இங்கிலாந்தின் சோஹம் ஊரில் 2002இல் பத்து வயதுச் சிறுமிகள் இருவர் கொல்லப்பட்டனர். கொன்றவர் அங்கிருந்த ஒரு பள்ளியின் பராமரிப்பு ஊழியர். அவர்மீது வேறொரு பகுதியில் ஏற்கெனவே பல பாலியல் புகார்கள் வந்திருந்தன. எதிலும் தண்டனை இல்லை, போலீஸார் வைத்திருந்த குறிப்புகளும் ஒழுங்காகப் பேணப்படவில்லை. வேலைக்குச் சேரும்போது அவற்றில் ஒன்றுகூட மேலே வரவில்லை. அதன் பிறகு அமைந்த பிச்சர்ட் விசாரணையின் பரிந்துரைப்படி அந்நாட்டின் சரிபார்ப்பு முறையே மாற்றப்பட்டது. இப்போது அங்கே விரிவான சோதனையில் தண்டனை மட்டுமல்லாமல், காவல்துறை பொருத்தமானதாகக் கருதும் மற்ற தகவல்களும் இடம்பெறலாம். எல்லா நாட்டுச் சான்றிதழும் அவ்வளவு சொல்லாது.

அதற்காக இதை விட்டுவிடச் சொல்லவில்லை. முன்பு தண்டனை பெற்றவர் வேறு பெயரில், வேறு இடத்தில் வந்து நுழைவது உண்மையாகவே நடக்கிறது. சோதனை உண்டு என்று தெரிந்தாலே சிலர் விண்ணப்பிக்க மாட்டார்கள். ஆனால் காகிதத்தைவிட அதிகம் பயன் தருவது தொலைபேசி. முன்பு இருந்த அமைப்பின் பொறுப்பாளரை நேரடியாக அழைத்து, 'இவரைக் குழந்தைகளோடு மறுபடியும் வேலைக்கு வைப்பீர்களா?' என்று கேளுங்கள். பதிலுக்கு முன்னால் வரும் தயக்கம் எந்தச் சான்றிதழிலும் இருக்காது. முதல் ஆறு மாதம் புதியவருக்குத் தனிப்பொறுப்பு கொடுக்காமல் இருப்பதும் செலவில்லாத வடிகட்டிதான்.

வடிகட்டலில் இன்னொரு வகையும் உண்டு. அமைப்பே ரகசியமாகப் பட்டியல் வைத்துக்கொள்வது. அமெரிக்கச் சிறுவர் சாரணர் அமைப்பு பல பத்தாண்டுகள் அப்படி 'தகுதியற்ற தன்னார்வலர்' கோப்புகளைப் பராமரித்தது. 1965க்கும் 1985க்கும் இடைப்பட்ட 1,200க்கும் மேற்பட்ட கோப்புகள் ஓரிகன் மாநில நீதிமன்ற உத்தரவின்படி 2012இல் பகிரங்கமாயின. சந்தேகத்துக்குரியவர்களை வெளியே வைக்கவே அந்தப் பட்டியல் என்றது அமைப்பு. ஆனால் பல நிகழ்வுகளில் காவல்துறைக்குத் தெரிவிக்கப்படவில்லை, பெற்றோருக்கும் சொல்லப்படவில்லை என்பது அந்தக் காகிதங்களிலேயே தெரிந்தது. பூட்டிய அலமாரியில் இருந்த அறிவால் பக்கத்து ஊர்க் குழந்தைக்கு ஒரு பயனும் இல்லை. 2020 பிப்ரவரியில் அந்த அமைப்பு திவால் பாதுகாப்புக் கோரியது. அதில் 82,000க்கும் மேற்பட்ட துன்புறுத்தல் கோரிக்கைகள் பதிவாயின. ஒப்புக்கொள்ளப்பட்ட இழப்பீட்டுத் தீர்வு 246 கோடி டாலர். 'பெயர் கெட்டுவிடும்' என்று வாயை மூடிக்கொள்ள நினைக்கும் நிர்வாகக் குழுக்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்ப்பது நல்லது.

கதவு திறந்திருக்கட்டும்

தனித்திருத்தலைத் தடுக்கும் விதிகளில் இரண்டு வகை புழக்கத்தில் உள்ளன. ஒன்று, எந்த நிகழ்ச்சியிலும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும் என்பது. சாரணர் அமைப்புகளில் இது நெடுநாள் விதி. மற்றொன்று சற்று நெகிழ்வானது. பெரியவரும் குழந்தையும் பேசலாம், பழகலாம், பயிற்சி செய்யலாம், ஆனால் எந்த நேரமும் பிறர் பார்க்கவும் உள்ளே வந்து குறுக்கிடவும் முடிய வேண்டும் என்பது. விளையாட்டில் துன்புறுத்தலைத் தடுக்க அமெரிக்காவில் 2017இல் தொடங்கப்பட்ட சேஃப்ஸ்போர்ட் மையம் ஒலிம்பிக் சார்ந்த விளையாட்டு அமைப்புகளுக்கு இந்த இரண்டாவது வகையை விதித்தது.

ஆள் பற்றாக்குறை உள்ள அமைப்புக்கு இரண்டாவதே நடைமுறைக்கு ஒத்து வரும். இரண்டு பேர் வேண்டும் என்று எழுதிவிட்டு, அன்றைக்கு ஒருவர் வராததால் விதியை 'இன்று மட்டும்' தளர்த்துகிற அமைப்பில், நான்காவது வாரமே அந்த விதி செத்துவிடும். பார்க்க முடிய வேண்டும், குறுக்கிட முடிய வேண்டும் என்றால் ஒரே பயிற்சியாளர் இருக்கும் நாளிலும் காப்பாற்றலாம்: மைதானத்தின் நடுவில் பேசுவது, கதவைத் திறந்து வைப்பது, கண்ணாடி பதித்த அறையைப் பயன்படுத்துவது, எந்தப் பெற்றோரும் முன்னறிவிப்பின்றி வரலாம் என்று அறிவிப்பது. 'இப்படியெல்லாம் செய்தால் பிள்ளைகள் மனம்விட்டுப் பேச மாட்டார்கள்' என்ற ஆட்சேபம் எப்போதும் வரும். பேசுவார்கள். மைதானத்து ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பேசினால் எல்லோருக்கும் தெரியும், யாருக்கும் கேட்காது. தனிமைக்கும் மறைவுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

தங்கும் முகாமுக்கு இது போதாது. இரவு, கூடாரம், குளியலறை, காயத்துக்கு மருந்து போடுவது, வாகனத்தில் கொண்டுபோய் விடுவது என்று தனியாக மாட்டிக்கொள்ளும் நேரங்கள் அங்கே அதிகம். அங்கே இரண்டு பெரியவர் விதியே வேண்டும். அந்த இருவரும் கணவன் மனைவியோ நெருங்கிய நண்பர்களோ மட்டுமாக இல்லாமல் பார்த்துக்கொள்வதும் வேண்டும்.

கைபேசியும் ஓர் அறைதான், கதவு மூடிய அறை. பயிற்சியாளர் ஒரு பிள்ளைக்குத் தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியை யாரும் பார்ப்பதில்லை, யாரும் குறுக்கிடுவதுமில்லை. குழுவில் மட்டும் பேச வேண்டும், தனியே அனுப்பியாக வேண்டுமென்றால் பெற்றோரோ இன்னொரு பொறுப்பாளரோ அதில் இருக்க வேண்டும் என்று எழுதிவிடுங்கள். நம்பிக்கையை மெல்ல வளர்த்து, பரிசு கொடுத்து, 'நமக்குள் இருக்கட்டும்' என்று ரகசியம் பழக்கி வசப்படுத்தும் வேலை இப்போது பெருமளவு திரையில்தான் நடக்கிறது.

இந்த விதிகளின் உண்மையான பலம் வேறிடத்தில் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோரால் ஒரு சக தன்னார்வலரைப் பார்த்து, 'உங்கள்மேல் எனக்குச் சந்தேகம்' என்று சொல்லவே முடியாது. அவர் பல வருடம் உழைத்தவராக இருப்பார், குடும்ப நண்பராக இருப்பார், பெற்றோர் எல்லோருக்கும் பிடித்தவராக இருப்பார். பிடித்தவராக இருப்பதுதான் பெரும்பாலும் அவருடைய வழியே. ஆனால், 'சார், கதவைத் திறந்து வைங்க, விதி அதுதானே' என்று பதினெட்டு வயது உதவியாளரும் சொல்லிவிடலாம். அதில் குற்றச்சாட்டு இல்லை. நல்லவர் சிரித்துக்கொண்டே திறந்து வைப்பார். மீண்டும் மீண்டும் மூடுகிறவர் தன்னைத் தானே காட்டிக்கொடுப்பார், அதுவும் எந்தக் குழந்தைக்கும் தீங்கு நேரும் முன்பே. வேறு எந்த வழியிலும் இவ்வளவு முன்கூட்டி எச்சரிக்கை கிடைப்பதில்லை. ஆகவே விதி மீறல்களைத் தேதி போட்டு எழுதி வைக்க ஒரு நோட்டு வேண்டும். தனித்தனியே பார்த்தால் அற்பமாகத் தெரியும் ஆறு குறிப்புகள் ஒரே பெயரில் சேரும்போதுதான் கதை விளங்கும்.

ஓட்டைகளும் உண்டு. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர், சில நேரங்களில் பெற்றோர் அதே அறையில் இருக்கும்போதே, தன் உடலால் அவர்கள் பார்வையை மறைத்துக்கொண்டு சிறுமிகளைத் துன்புறுத்தினார். சிகிச்சை என்ற பெயர் கண்களைக் கட்டிவிட்டது. எனவே மசாஜ், காயப் பரிசோதனை, உடலைத் தொட்டுச் சொல்லித்தரும் பயிற்சி ஆகியவற்றுக்குத் தனி விதி எழுத வேண்டும்: என்ன செய்யப்போகிறேன், ஏன் என்று முன்பே சொல்வது, குழந்தை வேண்டாம் என்றால் நிறுத்துவது, கூட இருப்பவர் மறைப்பில்லாத இடத்தில் நின்று பார்ப்பது.

இன்னொரு ஓட்டையைப் பல கொள்கைகள் கண்டுகொள்வதே இல்லை. அமெரிக்கக் காவல்துறைப் பதிவுகளை வைத்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில், சிறார்மீது பாலியல் குற்றம் செய்ததாக அறியப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமானோர் தாங்களே சிறார். பெரியவர்களைப் பிள்ளைகளிடமிருந்து தள்ளி வைத்துவிட்டு, பத்து வயதையும் பதினேழு வயதையும் ஒரே கூடத்தில் ராத்திரி முழுக்கக் கவனிப்பாரின்றி விடுவது பாதுகாப்பு ஆகாது. வயதுவாரியாகப் பிரித்துத் தங்க வைப்பதும், இடையிடையே ரோந்து வருவதும் விதியில் இருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது

'நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்' வகுப்பு செலவு குறைவு, செய்தித்தாளில் படமும் வரும். பலன் என்ன? பள்ளிகளில் நடந்த இத்தகைய வகுப்புகள் பற்றிய 24 ஆய்வுகளை, ஏறத்தாழ 5,800 பிள்ளைகள் பங்கேற்றவற்றை, ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரன் அமைப்பு 2015இல் தொகுத்து மதிப்பிட்டது. பிள்ளைகளின் அறிவும் தற்காப்புத் திறனும் கூடுகின்றன என்பது தெரிந்தது. துன்புறுத்தல் உண்மையில் குறைகிறதா என்பதற்கு அந்த ஆய்வுகளில் போதிய சான்று இல்லை. பொதுவாக, நம்பிய ஒரு பெரியவரின் முன்னால் குழந்தை கத்துவதில்லை, உறைந்துதான் போகிறது. வகுப்பின் பயன் தடுப்பதில் என்பதைவிட, சீக்கிரம் சொல்ல வைப்பதில் இருக்கிறது: உடல் உறுப்புகளுக்குச் சரியான பெயர், 'யாரிடமும் சொல்லாதே' என்று ஒரு பெரியவர் சொன்னால் அதையே முதலில் போய்ச் சொல்ல வேண்டும் என்ற பழக்கம், யாரிடம் போய்ச் சொல்வது என்ற தெளிவு. கேட்கத் தயாரான ஆளில்லாத அமைப்பில் இந்த வகுப்பை நடத்துவது பிள்ளைக்குச் செய்யும் துரோகம்.

புகார் எங்கே போகும்?

உள்விசாரணைக் குழுவா, நேரே வெளியே தெரிவிப்பதா? நிர்வாகக் குழுக்கள் இங்கேதான் அதிகம் தடுமாறும். 'முதலில் நாமே விசாரித்து, உண்மை இருந்தால் போலீஸுக்குப் போவோம்' என்பது நியாயமாகவே காதில் விழும். விசாரிக்கப்படுபவரின் நண்பர்களே விசாரிக்கும் இடத்தில் அது வேலிக்கு ஓணான் சாட்சி. அவர்கள் கெட்டவர்களாக இருக்க வேண்டியதே இல்லை. புகார் உண்மையானால் தங்கள் அமைப்புக்கும் நட்புக்கும் நஷ்டம் என்பதே தீர்ப்பைச் சாய்த்துவிடும். குழந்தையை ஐந்து பேர் மாறி மாறிக் கேட்டு, பின்னால் நீதிமன்றத்தில் நிற்க வேண்டிய வாக்குமூலத்தையும் அவர்களே கெடுத்துவிடுவார்கள்.

அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பிடம் 1996 முதல் 2006 வரையிலான பத்தாண்டில் 54 பயிற்சியாளர்கள்மீது புகார்க் கோப்புகள் சேர்ந்திருந்ததை 2016இல் இண்டியானாபொலிஸ் ஸ்டார் நாளிதழ் வெளியே கொண்டுவந்தது. பாதிக்கப்பட்டவரோ பெற்றோரோ கையெழுத்திட்டுத் தராத புகாரைச் செவிவழிச் செய்தி என்று ஒதுக்குவது அங்கே வழக்கமாக இருந்தது. நாசர் விஷயத்தில் 2015 ஜூனில் கூட்டமைப்புக்குத் தகவல் வந்தது. அது முதலில் தானாக ஒருவரை வைத்து விசாரித்தது, அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயிடம் சென்றது ஜூலை இறுதியில்தான்.

ஆனால் இந்தக் கதையின் மீதியையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் வாதத்துக்கு வசதியாக வெட்டியதாகிவிடும். எஃப்பிஐயும் சரியாகச் செயல்படவில்லை. அமெரிக்க நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் 2021இல் தந்த அறிக்கை அதைக் கடுமையாகக் கண்டித்தது. எஃப்பிஐக்குத் தெரிந்த பிறகு, 2016 செப்டம்பர் வரையிலான காலத்தில் சுமார் 70 அல்லது அதற்கு மேற்பட்ட விளையாட்டு வீரர்கள் துன்புறுத்தப்பட்டதாகக் கூறப்படுவதை அது குறிப்பிட்டது. நாசர் வேலை பார்த்த மிஷிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குக் கூட்டமைப்பு தகவல் சொல்லவில்லை. அங்கே அவர் தொடர்ந்து 'சிகிச்சை' அளித்துக்கொண்டிருந்தார். ஆகவே வெளியே தெரிவிப்பது மட்டும் போதாது. அன்றைக்கே அவரைக் குழந்தைகள் இருக்கும் இடத்திலிருந்து விலக்கி வைக்க வேண்டும். அவர் வேலை செய்யும் மற்ற இடங்களுக்கும் தகவல் போக வேண்டும், அதை எப்படிச் சொல்வது என்று அதிகாரிகளிடம் கேட்டுக்கொண்டு சொல்ல வேண்டும்.

'பொய்ப் புகாராக இருந்தால் ஒரு மனிதரின் வாழ்க்கை போய்விடுமே' என்ற கவலையை நான் அலட்சியம் செய்யவில்லை. அதனால்தான் விலக்கி வைப்பது தண்டனை அல்ல, யார்மீது புகார் வந்தாலும் இதே நடைமுறை என்று கொள்கையில் முன்கூட்டியே எழுதச் சொல்கிறேன். தலைவர்மீது வந்தாலும் அதே. ஆளுக்கொரு நியாயம் இல்லை என்று தெரிந்தால் விலக்கப்படுபவரின் மானமும் ஓரளவு காக்கப்படும்.

பல நாடுகளில் இது விருப்பத்துக்கு விடப்பட்ட விஷயமும் அல்ல. இந்தியாவின் போக்சோ சட்டம் 2012, தகவல் தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, தனக்குக் கீழ் உள்ளவரின் குற்றத்தை மறைத்த நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. அமெரிக்காவில் 2018இல் வந்த சட்டம் அமெச்சூர் விளையாட்டு அமைப்புகளின் பெரியவர்களுக்கு 24 மணி நேரக் கெடு வைத்தது. உங்கள் நாட்டில் என்ன சட்டம் என்று வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டு, அந்தப் பதிலைக் கொள்கையின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

உள்குழுவுக்கு வேலையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். கதவு மூடியது, தனிச்செய்தி அனுப்பியது, சொல்லாமல் வண்டியில் ஏற்றிப்போனது போன்ற விதி மீறல்களை உள்ளேயே கையாளலாம், கையாளவும் வேண்டும். தீங்கு நடந்திருக்கலாம் என்ற நியாயமான ஐயம் வந்த நொடியில் அது குழுவின் கையை விட்டுப் போய்விட வேண்டும். புகாரைப் பெற இரண்டு பேரை நியமியுங்கள், ஒருவர் பெண், ஒருவர் ஆண். அவர்களில் ஒருவராவது நிர்வாகத்துக்கு வெளியே இருப்பவர். அவர்களின் வேலை கேட்பது, சொன்ன வார்த்தைகளிலேயே குறித்துக்கொள்வது, தெரிவிப்பது. உண்மையா என்று தீர்மானிப்பது அவர்கள் வேலை அல்ல.

எந்த அமைப்பு எதைத் தேர்வது

கொள்கை வாசகத்தைப் புதிதாக எழுத உட்கார்ந்து நேரத்தை வீணாக்க வேண்டாம். உலகச் சாரணர் இயக்கத்தின் 'தீங்கிலிருந்து பாதுகாப்பு' திட்டம், ஆஸ்திரேலிய அரச ஆணையம் வகுத்த பத்துத் தரநிலைகள் போன்றவை இருக்கின்றன, எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இரவல் வாங்கிய நாற்பது பக்கத்தை யாரும் படிப்பதில்லை. அதிலிருந்து உங்கள் கட்டடத்தின் கதவுகளையும் உங்கள் வண்டியையும் உங்கள் ஆட்களின் பெயர்களையும் வைத்து ஒரே ஒரு பக்கம் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

ஐந்தாறு தன்னார்வலர்களோடு மாலை நேரத்தில் மட்டும் இயங்கும் கழகம் 'பார்க்கவும் குறுக்கிடவும் முடிய வேண்டும்' என்ற விதியையும் புகார் பெறும் இருவரையும் இந்த வாரமே வைத்துக்கொள்ளலாம். சான்றிதழ்கள் வரும்போது வரட்டும். இசையோ நீச்சலோ ஒருவருக்கு ஒருவராகச் சொல்லித்தரும் இடத்தில் பெற்றோர் உட்கார நாற்காலி போடுவதே முதல் செலவாக இருக்கட்டும். தங்கும் முகாம் நடத்துகிறவர்களுக்கு மட்டும் நான் சலுகை தர மாட்டேன்: நான்கு வழிகளும் தயாராக இல்லையென்றால் இந்த ஆண்டு பகல் முகாமாக நடத்துங்கள். பல கிளைகள் கொண்ட பெரிய அமைப்புக்கு ஆபத்து வேறு விதம். ஒரு கிளையில் விலக்கப்பட்டவர் இன்னொரு கிளையில் போய்ச் சேர்வார். அங்கே விலக்கல் பதிவு எல்லாக் கிளைகளுக்கும் பொதுவாக இருக்க வேண்டும், குற்றம் என்று சந்தேகிக்கத்தக்க ஒவ்வொரு பதிவின் நகலும் காவல்துறைக்கு அப்போதே போயிருக்க வேண்டும்.

விதி மீறல் நோட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாசிக்க, அமைப்பில் பதவி எதுவும் வகிக்காத ஒரு பெற்றோரைக் கூப்பிடுங்கள். ஒரு வருடமாக நோட்டு காலியாகவே இருந்தால், எழுதத் தயங்குவது யார், ஏன் என்று அவரையே கேட்டறியச் சொல்லுங்கள்.